சீதன உறுதியில் இரண்டு ஆங்கில எழுத்துப் போட்ட 'சட்டை ஆச்சி' யார்?

தெல்லிப்பழைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுபத்தைந்து வயது. கனடாவில் ஸ்காபரோவில் மகனோடு இருக்கிறேன். இந்த இணையக் களத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தரம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990 ஆனியில் தெல்லிப்பழையை விட்டு ஓடும்போது அம்மா ஒரு றங்குப் பெட்டியை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். சட்டி பானை எல்லாம் அடுப்பங்கரையிலேயே கிடக்க, காணி உறுதி ஆவணங்கள் மட்டும் பத்திரமாகப் போயின. அந்தப் பெட்டி இத்தனை காலமும் கொக்குவிலில் தங்கையின் வீட்டில் இருந்தது. போன மாதம் தங்கையின் மகன், என் பெறாமகன், அதைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து அனுப்பினான். அதில் அடியில் கிடந்த உறுதி 1862ஆம் ஆண்டில் எழுதியது.

அது ஒரு சீதன உறுதி. பெண் யாரென்றால், என் அம்மாவின் அம்மாவின் அம்மாவின் அம்மா. அம்மம்மா 1893இல் பிறந்தவர். அவருடைய தாய் எங்களுக்குப் பூட்டி. பூட்டியைப் பெற்றவரைத்தான் நான் தேடுகிறேன். எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'சட்டை ஆச்சி' என்றுதான் சொல்வார்கள். ஊரில் பெண்கள் வெறும் சேலையோடு இருந்த காலத்தில் அவர் சட்டை போட்டு, அதற்கு மேல் சேலை உடுப்பாராம். பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவராம். ஊசி வேலை தெரியுமாம். பூட்டியைப் பெற்றுவிட்டுப் பிள்ளைப்பேற்றிலேயே போய்விட்டாராம். தகப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளையைக் கொண்டுவந்து கிழவியிடம் விட்டுவிட்டுப் போனாராம். அந்த மனிதனைப் பற்றி அம்மம்மா பேசினால் நல்ல வார்த்தை ஒன்றும் வராது. இவ்வளவுதான் எங்களிடம் இருந்த சரித்திரம்.

சரி, உறுதிக்கு வருகிறேன். தாயும் தகப்பனும் மகளுக்கு மூன்று பரப்புக் காணியும் பங்குக் கிணறும் சில நகைகளும் கொடுக்கிறார்கள். அடியில் தாயும் புள்ளடி (எழுதத் தெரியாதவர் கீறும் சிலுவைக்குறி), தகப்பனும் புள்ளடி. அதற்குக் கீழே மகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! முதலில் ஆங்கிலத்தில் எம், எச் என்று இரண்டு எழுத்து, பிறகு தமிழில் பெயர். எழுத்து நல்ல உருண்டை. கை நடுங்கவில்லை. இதைப் பார்த்த அன்று நான் இரவு முழுக்கத் தூங்கவில்லை. பக்கத்தில் ஏழு பேர் ஒப்பம் வைத்திருக்கிறார்கள், அதில் நாலு புள்ளடி. பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்த ஆட்களுக்கு நடுவே இருந்து பேனையைப் பிடித்திருக்கிறார்.

அவருடைய தமிழ்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சொந்தக்காரர் இருக்கிறார்கள். எழுதினாலும் பெரிய பயன் இல்லை, அந்தக் காலத்தில் மூன்று வீட்டுக்கு ஒருவருக்கு இருந்த பெயர் அது.

இன்னொன்றும் பெட்டியில் இருந்தது: பூட்டியின் சாதக ஓலை. ஒரு முனை உடைந்துவிட்டது. பிறந்தது குரோதன வருஷம் ஆவணி மாதம். ஓலையின் பின்பக்கத்தில் வேறு யாரோ கீறியிருக்கிறார்கள்: தாய் சிவபதம் அடைந்தது அட்சய வருஷம் மார்கழி மாதம், அபரபக்கம் (தேய்பிறை). திதி இருந்த இடம்தான் உடைந்துவிட்டது. என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இந்த அட்சய வருஷத்தைக் கணக்குப் பார்த்து 1926 என்று சொல்லி, இணையத்தில் உள்ள குடும்ப மரத்திலும் ஏற்றிவிட்டான். இப்போது ஆறு பேர் அதைப் பார்த்துத் தங்கள் மரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றில் போனவர் எப்படி 1926 வரை இருந்தார் என்று கேட்டால் 'கதையெல்லாம் நம்ப முடியாது அக்கா' என்கிறான்.

பேரன் நத்தாருக்கு மரபணுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கித் தந்தான். எச்சில் துப்பி அனுப்பினேன். நான் தென்னாசியாக்காரி என்று பதில் வந்தது. கண்ணாடி அதைச் சும்மாவே சொல்லும்.

ஓர் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

கேட்க வந்தவை இவை. எம், எச் என்பது என்ன? அவர் படித்தது உடுவிலில் அமெரிக்க மிஷன் நடத்திய பெண்கள் பள்ளியாக இருக்குமா? நகைகளின் விலையை 'இறைசால்' என்று போட்டிருக்கிறது, அது எந்த நாட்டுப் பணம்? காணியின் பெயரை 'மரவடி வளவு' என்று வாசித்தேன், அப்படி ஒரு காணி எங்கள் பக்கத்தில் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. இனி எங்கே தேடுவது?

உறுதி எழுத்தன்:

அக்கா, வணக்கம். சுன்னாகத்தில் உறுதி முடிக்கும் ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருடம் எழுத்து வேலை செய்தவன் நான். காணிப் பெயர்தான் லேசு, அதில் தொடங்குகிறேன். அது மரவடி இல்லை, மாவடி. அந்தக் காலத்துக் கையெழுத்தில் ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் இராது, மெய்க்குப் புள்ளியும் வைக்க மாட்டார்கள். இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். 'மாவடி வளவு' என்று கேட்டுப் பாருங்கள், ஊரில் யாராவது விரலை நீட்டுவார்கள்.

இறைசால் என்பது ஒல்லாந்தர் காலத்து ரிக்ஸ்டொலர். ஆங்கிலேயர் அதை ஒரு ஷில்லிங் ஆறு பென்சுக்கு நிறுத்தினார்கள். காசு மாறின பிறகும் எங்கள் ஆட்கள் கணக்கை இறைசாலில்தான் பேசினார்கள். ரூபாயும் சதமும் வந்தது 1872இல். ஆகவே 1862 உறுதியில் இறைசால் இருப்பது சரியானதே.

இப்போது முக்கியமானது. பதினெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணைத் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஞானஸ்நானப் புத்தகம், பிறப்புப் பதிவு என்று ஓடுவார்கள். பிறப்பு இறப்புப் பதிவு சட்டமாகக் கட்டாயம் ஆனதே 1860களின் கடைசியில். உங்கள் சட்டை ஆச்சி அதற்கு முந்தியவர். ஆனால் காணி இருக்கிறதே! யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி ஆணுக்கு முதுசம் (பரம்பரைச் சொத்து), பெண்ணுக்குச் சீதனம். தாயின் சீதனம் மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவள் மகளுக்கு. மற்ற ஊர்களில் பெண்ணின் பெயர் கல்யாணத்தோடு காணாமல் போகும், எங்கள் ஊரில் அது வேலியோடு நிற்கிறது. 1840இல் வந்த சட்டத்துக்குப் பிறகு காணிக் கைமாற்றம் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாமல் செல்லாது. அதனால்தான் எழுத்தில் இவ்வளவு இருக்கிறது.

உறுதியின் நாலு எல்லையையும் ஒருக்கால் பாருங்கள். பெற்றோர் ஒரே வளவைப் பிள்ளைகளுக்குத் துண்டாக்கிக் கொடுப்பது வழக்கம். அதனால் எல்லைக்காரியாக ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அவள் மூத்த சகோதரியாக இருப்பாள். அவளுக்கும் ஓர் உறுதி இருக்கும். கிழக்கு எல்லை யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம். அப்படியே, பெற்றோருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்றும் உறுதியில் ஒரு வரி இருக்கும். முதுசமா, சீதனமா, ஆட்சியுரிமையா? சீதனம் என்றால் இன்னொரு தலைமுறைத் தாய்க்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று. அந்தத் தகப்பனை உங்கள் அம்மம்மா திட்டியது நியாயமோ தெரியாது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1707இல் எங்கள் வழமைகளைத் தொகுத்து எழுதினாரே, அதிலேயே இருக்கிறது: மனைவி இறந்து தகப்பன் மறுமணம் செய்யப் போனால், பிள்ளைகளைத் தாயின் தாயோ அந்தப் பக்கத்து நெருங்கிய உறவோ பொறுப்பெடுக்கும். அப்போது தகப்பன், இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும் தேடியதேட்டத்தில் (கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில்) பாதியையும் பிள்ளையோடு கொடுத்துவிட வேண்டும். உங்கள் பூட்டி கிழவியிடம் வளர்ந்ததும், இந்த உறுதி தகப்பனோடு போகாமல் உங்கள் பெட்டிக்கு வந்ததும் அந்த வழமைப்படிதான் தெரிகிறது. விட்டுவிட்டு ஓடினவன் உறுதியையும் கொடுத்துவிட்டா ஓடுவான்?

வேலியோரம்:

எம், எச் என்பது வெறும் இனிஷியலாக இருக்கலாமே? தகப்பன் பெயரின் முதலெழுத்து. இதற்குப் போய் அமெரிக்கா வரை ஓட வேண்டுமா?

தெல்லிப்பழைப் பேத்தி:

தம்பி, தகப்பன் பெயர் 'க'வில் தொடங்குகிறது. புருஷன் பெயர் 'வே'. ஊர் தெல்லிப்பழை. ஒன்றிலும் எம்மும் இல்லை, எச்சும் இல்லை. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

உறுதி எழுத்தன் ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். அந்தக் கடைசிப் பந்தியைத் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'அப்ப அந்த மனிசன் பாவம்' என்றாள். நூற்றைம்பது வருடமாகத் திட்டு வாங்கியிருக்கிறார்.

கிழக்கு எல்லையில் ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கிறது. அந்தக் காணிக்காரர் யாரென்று கண்டுபிடிக்கப் பெறாமகனிடம் சொல்லியிருக்கிறேன்.

உடுவில் பழைய மாணவி:

அக்கா, உங்கள் ஆச்சி உடுவிலில் படித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையில்தான் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கான தங்குவிடுதிப் பள்ளியை 1824இல் உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ தொடங்கினார். உங்கள் ஆச்சி சிறுமியாக இருந்த காலத்தில் அங்கே பொறுப்பாக இருந்தவர் எலிசா அக்னியூ அம்மையார். 1840இல் வந்தவர். நாற்பது வருடத்துக்குக் கிட்டப் படிப்பித்து, ஒரு தரமும் அமெரிக்காவுக்குத் திரும்பாமல் 1883இல் மானிப்பாயிலேயே கண்மூடினார். கல்யாணம் செய்யாத அவரை 'ஆயிரம் மகள்மாரின் தாய்' என்பார்கள். ஊசி வேலையும் அங்கே பாடம்தான்.

இனி எம், எச். விடுதியில் ஒரு பிள்ளையைப் பராமரிக்க அமெரிக்காவில் ஒருவரோ ஒரு சபையோ பணம் அனுப்பும். அனுப்புகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சொல்வார்கள். இறந்துபோன மகளின் பெயராக இருக்கும், சபைப் போதகரின் பெயராக இருக்கும். முதற்பெயர் மட்டுமல்ல, குடும்பப் பெயரையும் சேர்த்தே வைப்பார்கள். ஆண்கள் பக்கத்தில் இது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. ஏவார்ட்ஸ் கனகசபைப்புலவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஜெரமையா ஏவார்ட்ஸ் என்பவர் பொஸ்டனில் அந்த மிஷன் சங்கத்தின் செயலாளர். 1841இல் 'உதயதாரகை' தொடங்கியபோது ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் வெள்ளைக்காரர் என்று இன்றைக்கும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருவரும் எங்கள் ஊர்த் தமிழர்.

ஆண்கள் புலவரானார்கள், ஆசிரியரானார்கள், அதனால் இரண்டு பெயரும் புத்தகத்தில் ஏறின. பெண்கள் அந்தப் பெயரோடு சமையலறைக்குப் போனார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை விடுங்கள். உங்கள் ஆச்சியின் எம், எச் இப்படி வந்த முதற்பெயரும் குடும்பப் பெயருமாக இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான்.

வயதையும் பாருங்கள். 1862இல் இருபது என்றால் 1850க்குப் பிறகு விடுதிக்கு வந்திருப்பார். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த குழு தமிழில் படிப்பித்தால் போதும் என்று முடிவெடுத்தது, ஆண்கள் படித்த வட்டுக்கோட்டை செமினரியையும் மூடிவிட்டார்கள். ஆங்கில எழுத்து அவர் கையில் இவ்வளவு பழகியிருப்பதைப் பார்த்தால் அதற்கு முன்னாலேயே சேர்ந்தவர் போலத்தான் படுகிறது.

தேடும் வழி: ஞானஸ்நானப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். அதில் அமெரிக்கப் பெயர்தான் முன்னுக்கு நிற்கும், உங்களுக்கு அது தெரியாது. விவாகப் புத்தகத்தில் தொடங்குங்கள். அங்கே மாப்பிள்ளை பெயர் இருக்கும், அது உங்களுக்குத் தெரியும். சீதன உறுதி கல்யாணத்துக்கு முன்னுக்குத்தானே முடிப்பார்கள்? ஆகவே உறுதித் திகதியிலிருந்து ஒரு மாதம் இரண்டு மாதம் தள்ளிப் பார்த்தால் போதும், நாற்பது வருடத்தைப் புரட்ட வேண்டாம். மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தன, பழைய புத்தகங்களைப் பற்றி அந்தந்தக் கோவிலிலேயே நேரில் போய்க் கேட்பதுதான் நல்லது. கடிதம் போட்டுக் காத்திருக்காதீர்கள். மாப்பிள்ளை செமினரியில் படித்தவரா என்றும் பாருங்கள், உடுவில் பெண்களைப் பெரும்பாலும் அந்தப் பெடியன்களுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் மிஷன் கடிதங்கள் இருக்கின்றன. 'மிஷனரி ஹெரால்ட்' பத்திரிகையை இணையத்திலேயே வாசிக்கலாம், ஆனால் அதில் பிள்ளைகளின் பெயரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பஞ்சாங்கம்:

1926 என்று போட்ட தம்பிக்கு: ஓலையில் இரண்டு வருஷம் இருக்கிறது, ஒன்றை மட்டும் ஏன் எடுத்தீர்கள்? குரோதன வருஷம் அறுபதில் ஐம்பத்தொன்பதாவது, அட்சய அறுபதாவது. அடுத்தடுத்த வருஷங்கள். அறுபது வருடச் சுற்றில் அட்சய 1866இலும் வரும், 1926இலும் வரும். பூட்டி பிறந்த குரோதன 1925ஆக இருக்கவே முடியாது, 1893இல் அவருக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ஆகவே பூட்டி பிறந்தது 1865 ஆவணி. தாய் போனது அட்சய மார்கழி, அதாவது 1866 மார்கழி, ஆங்கிலக் கணக்கில் 1867 ஜனவரி நடுப்பகுதி வரை போகலாம். அடுத்த சித்திரையில் பிரபவ பிறந்துவிடும்.

அப்படியென்றால் பிள்ளைக்கு அப்போது பதினாறு மாதம். பிள்ளைப்பேற்றில் போனார் என்பதும் சரியில்லை. இன்னொரு பிள்ளை வயிற்றில் இருந்திருந்தால் வேறு கதை.

1866-67 என்றால் யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்களுக்கு ஒன்றுதான் நினைவு வரும். கோதாரி. வாந்திபேதி ஊர் ஊராகப் போன காலம். மானிப்பாய் டொக்டர் கிறீன் ஓடியோடி வைத்தியம் பார்த்தது அப்போதுதான். உங்கள் ஆச்சி அதில்தான் போனார் என்று நான் சொல்ல வரவில்லை, வருடம் பொருந்துகிறது என்கிறேன்.

தெல்லிப்பழைப் பேத்தி:

பஞ்சாங்கம் ஐயா, இதை வாசித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கோதாரி என்ற சொல் எல்லோர் வாயிலும் சாதாரணமாகப் புழங்கும். 'என்ன கோதாரி இது', 'கோதாரி விழுவான்'. நாங்கள் பள்ளிக்கூடத்தில் நாளுக்கு இருபது தரம் சொல்வோம். அம்மம்மா வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. வேறு எந்தத் தூஷணத்துக்கும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், தானே நல்லாய்த் திட்டுவார். இந்தச் சொல்லுக்கு மட்டும் அகப்பைக் காம்பு வரும். எனக்கு எட்டு வயதில் பனங்கிழங்கு அவித்த பானையை நான் தட்டிவிட்டு 'கோதாரி' என்றேன். விழுந்த அடி இப்போதும் முழங்காலில் தெரியும் போல இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு 'எங்கட அம்மாவும் விடமாட்டா' என்றார். அவ்வளவுதான். அவருக்கே காரணம் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன்.

பூட்டிக்குத் தெரிந்திருக்கும். பூட்டியை வளர்த்த கிழவி, அந்தப் புள்ளடி போட்ட தாய், அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஓலையின் பின்பக்கத்தில் யாரையோ பிடித்து எழுதுவித்ததும் அவராகத்தான் இருக்கும். படித்த மகள் போனபிறகு அந்த வீட்டில் எழுதத் தெரிந்தவர் யார் இருந்தார்கள்?

இது சாட்சி ஆகாது என்று எனக்குத் தெரியும். குடும்ப மரத்தில் கோதாரி என்று போட மாட்டேன். 1926ஐ மட்டும் அழிக்கச் சொல்லித் தம்பிக்கு எழுதிவிட்டேன். அழித்துவிட்டான், மற்ற ஆறு பேரும் இன்னும் அழிக்கவில்லை.

வேலியோரம்:

இனிஷியல் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் அக்கா.

தெல்லிப்பழைப் பேத்தி (மூன்று கிழமைக்குப் பிறகு):

ஒரு புதினம். மாவடி வளவு கிடைத்துவிட்டது. மா ஒன்றும் இல்லை, நாலு பனையும் இடிந்த கிணறும் நிற்கின்றன. பெயரைச் சரியாகச் சொன்னவுடனேயே ஒரு வயோதிபர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம்.

கிழக்குக் காணிக்காரர் யாரென்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் குடும்பத்தோடு மூன்று தலைமுறையாக வேலிச் சண்டை பிடித்த ஆட்கள்! கதியால் அரையடி தள்ளிப் போட்டது, கிணற்றுப் பங்கு, பனையோலை யார் பக்கம் விழுந்தது என்று என் அம்மா மல்லாகம் கோட்டுக்கு நடந்தது எனக்கே நினைவிருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வீட்டுப் பிள்ளைகளோடு கதைக்கவே விட மாட்டார்கள். பெறாமகனுக்கு இந்தப் பழங்கதை தெரியாது, போய்ப் படலையைத் தட்டிவிட்டான். அந்த வீட்டம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தங்கள் உறுதிக் கட்டையும் எடுத்து வந்து வைத்தாராம்.

அவர்களுடைய மூத்த உறுதி 1859. உறுதி எழுத்தன் ஐயா சொன்னது அச்சொட்டு. அதே தாய், அதே தகப்பன், அதே இரண்டு புள்ளடி. மூத்த மகளுக்கு அதே வளவின் கிழக்குத் துண்டு. அந்த மூத்த மகளும் புள்ளடிதான். ஆக, இரண்டு பெண்களில் இளையவரை மட்டும்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏன் இளையவர்? சோறும் உடுப்பும் பள்ளிக்கூடம் கொடுக்கும் என்றா, மூத்தவள் வீட்டுவேலைக்கு வேண்டும் என்றா? அந்த வீட்டம்மாவிடமும் ஒரு கதை இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்ததாம்: தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் யாருக்கென்று தெரியாமல் ஒரு படையல். 'சின்னாச்சிக்கு' என்று சொல்லி ஒரு வெள்ளைச் சட்டைத் துணியும் வைப்பார்களாம். இடம்பெயர்ந்த பிறகு விட்டுவிட்டார்களாம்.

தையில் ஏன் என்று யோசித்தேன். மார்கழி என்று எழுதியவர் கையில் பஞ்சாங்கம் இருந்ததோ இல்லையோ, மார்கழி நடுவில் போனவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு தை நடுவில்தான் வரும். இது என் கணக்கு, பஞ்சாங்கம் ஐயா திருத்தலாம்.

1859 உறுதியில் சாட்சி வைத்தவர்களில் ஒருவர் பெயருக்கு முன்னால் ஓர் அமெரிக்கப் பெயர், தமிழ் எழுத்தில். பின்னால் உள்ள பெயர் 'வே'யில் தொடங்குகிறது. அதே பெயர் மூன்று வருடம் கழித்துச் சட்டை ஆச்சியின் மாப்பிள்ளை பெயராக வருகிறது, ஆனால் அமெரிக்கப் பெயர் இல்லாமல். ஒரே ஆளா? அப்படியென்றால் கல்யாணத்துக்கு மூன்று வருடத்துக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்து போனவர்.

தங்கை இப்போது 'வேலிச் சண்டை பிடிச்ச காசுக்கு ஒரு வீடு கட்டியிருக்கலாம்' என்கிறாள்.

உறுதி எழுத்தன்:

ஒரே ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு. இரண்டு உறுதியிலும் அவர் ஒப்பத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெயர் மாறினாலும் கை மாறாது. 1862இல் அமெரிக்கப் பெயரை விட்டுவிட்டார் என்றால் அதற்கும் காரணம் இருக்கும். சைவத்துக்காக நின்ற ஆறுமுக நாவலர் காலம் அல்லவா, மிஷனில் படித்துவிட்டுத் திரும்பத் திருநீறு பூசியவர்கள் பலர். ஆனால் உங்கள் ஆச்சி எம், எச்சை விடவில்லையே! புருஷன் விட்டதைப் பெண்சாதி வைத்திருக்கிறார்.

உடுவில் பழைய மாணவி:

அப்படித் திரும்பியிருந்தால் விவாகப் புத்தகத்தில் இல்லாமலும் போகலாம் அக்கா, மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். சபை அங்கத்தவர் இடாப்பையும் (பெயர்ப் பதிவேட்டையும்) கேட்கச் சொல்லுங்கள். விலகியவர்கள், விலக்கப்பட்டவர்கள் பெயருக்கு நேரே குறிப்பு எழுதும் வழக்கம் இருந்தது. கெட்ட பெயர் வாங்கியவர்களைத்தான் இடாப்பில் கண்டுபிடிப்பது லேசு.

தெல்லிப்பழைப் பேத்தி:

விலக்கியிருந்தால் விலக்கியதாகவே இருக்கட்டும், பெயர் கிடைத்தால் போதும். பெறாமகன் வருகிற புதன்கிழமை தெல்லிப்பழைக்கும் உடுவிலுக்கும் போகிறான். புத்தகத்தைப் பார்க்க விட்டால் 1862, 63 பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவான். அவனுக்குப் பழைய கையெழுத்து வாசிக்க வராது, எனக்குக் கண் சரியில்லை, மாவை மரமாக வாசிக்கிறேன். இங்கே போட்டால் யாராவது வாசித்துச் சொல்வீர்களா?

உறுதி எழுத்தன்:

போடுங்கோ அக்கா. புதன்கிழமை இரவு முழித்திருக்கிறேன். ஓரத்தை வெட்டாமல் முழுப் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள், குறிப்பு எழுதுகிறவர்கள் ஓரத்தில்தான் எழுதுவார்கள்.